கூட்டலில் விடுபட்ட ஏழு

ஜூன் 10, திங்கள்

இன்று ஆய்விதழ் ஆசிரியர் குழுக் கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டார்கள். இந்த மீன்வள ஆய்வு நிலையத்தில் இருபது வருடத்துக்கு மேலாக நூலகராக இருக்கிறேன். அந்த அறைக்குள் உட்கார்ந்து டீ குடித்தது இதுவே முதல் முறை.

எங்கள் நீர்வாழ் அறிவியல் ஆய்விதழுக்கு வருகிற ஜனவரியில் வெள்ளி விழா. சிறப்பிதழுக்கு நான் ஒரு கட்டுரை எழுத வேண்டுமாம். இருபத்தைந்து வருடத்தில் எந்தெந்தத் துறையில் ஆய்வுகள் வந்தன, எது வளர்ந்தது, எது தேய்ந்தது, எந்தக் கட்டுரையை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்றெல்லாம் எண்ணிச் சொல்ல வேண்டும். தலைமை ஆசிரியர் டாக்டர் கோமதிநாயகம், "வேதமுத்து, இத ஒங்கள விட்டா வேற ஆளு செய்ய முடியாது" என்றார். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

அதிகம் மேற்கோள் பெற்ற கட்டுரை எது என்பது எண்ணாமலே எல்லோருக்கும் தெரியும். 2009-இல் வந்தது. எழுதியவர் இதே நிலையத்தின் விஞ்ஞானி டாக்டர் ஹெப்சிபா. என் மனைவி. இரண்டாவது பெயர் கோமதிநாயகம் சாருடையது. அப்போது அவர் அவளுக்கு வழிகாட்டி. சார் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். அடுத்த தலைமை ஆசிரியர் ஹெப்சிதான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உத்தரவு வரவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும், எனக்கு ஒரு புதுச் சட்டை எடுக்க வேண்டும் என்றாள் ஹெப்சி. விழாவுக்கு ஏழு மாதம் இருக்கிறது.

ஜூன் 22, சனி

இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் கட்டுரைகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு ஊரின் கதை மாதிரி இருக்கிறது. முதல் சில வருடங்கள் முழுக்க மீன்பிடிப்பு. எந்தக் கரையில் எந்த வலையில் என்ன விழுந்தது என்பதே பேச்சு. பிறகு கரையோரம் இறால் பண்ணைகள் வந்தன, ஆய்வாளர்களும் இறாலின் பின்னால் போனார்கள். இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்ததும் நோயின் பின்னால் போனார்கள். இப்போது எதைத் திறந்தாலும் பிளாஸ்டிக் துகள். மீன் வயிற்றில், நண்டு வயிற்றில், உப்பில், மணலில். கடற்புல்லைப் பற்றி 2003-க்குப் பிறகு ஒருவரும் எழுதவில்லை என்று கண்டபோது ஏனோ கஷ்டமாக இருந்தது.

ஏறக்குறைய நானூறு கட்டுரைகளை இதுவரை யாரும் மேற்கோள் காட்டவே இல்லை. ஒவ்வொன்றுக்காகவும் யாரோ வெயிலில் நின்றிருப்பார், படகில் வாந்தி எடுத்திருப்பார்.

ஹெப்சியின் ஒரே கட்டுரைக்கு 412. இதழுக்கு வந்த மொத்த மேற்கோள்களில் எட்டில் ஒன்று அவளுடையது. கொடுவா மீன் குஞ்சு வளரும் தண்ணீரில் கழிவாலும் மிஞ்சிய தீனியாலும் அம்மோனியா சேரும். எவ்வளவு வரை குஞ்சு தாங்கும் என்று அவள் ஓர் எல்லையைக் கண்டுபிடித்துச் சொன்னாள். அந்த எண்ணை அச்சடித்துப் பொரிப்பகச் சுவர்களில் ஒட்டியிருக்கிறார்கள். இங்கே மட்டுமல்ல, வியட்நாமிலும்.

வெளியூர்க் கருத்தரங்குகளுக்குப் போனால் என்னை "ஹெப்சிபா மேடம் வீட்டுக்காரர்" என்றுதான் அறிமுகம் செய்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் கிடையாது. சிலர் கேட்கிறார்கள் என்பதால் எழுதி வைக்கிறேன்.

ஜூலை 4, வியாழன்

மேற்கோள் காட்டுவதெல்லாம் பாராட்டு ஆகாது. ஆகவே அந்த 412 கட்டுரைகளையும் திறந்து, அவள் பெயர் எந்த வரியில் எதற்காக வருகிறது என்று பார்த்துப் பிரித்தேன். அவள் சொன்ன எண்ணைப் பயன்படுத்தியவர்கள் ஒரு வரிசை. அவள் செய்த முறையைப் பின்பற்றியவர்கள் ஒரு வரிசை. பேருக்குப் போட்டவர்கள் ஒரு வரிசை.

ஏழு கட்டுரைகள் மூன்றிலும் சேரவில்லை. அவை அவள் முடிவோடு ஒத்துப்போகாதவை. எல்லாம் சின்ன இதழ்கள், ஒன்று மாணவர் ஆய்வேடு. ஏழுக்காகத் தனி வரிசை போட்டால் அட்டவணை பார்க்க நன்றாக இருக்காது. எனக்குக் கொடுத்திருக்கும் பக்கங்களும் குறைவு. விட்டுவிட்டேன்.

ஹெப்சிக்கு இந்த வாரம் அலுவலகக் கணக்குத் தணிக்கை, தலைவலி. அவளிடம் சொல்லவில்லை. சொல்லும்படி ஒன்றும் இல்லை.

சமையல் கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தாயிற்று.

ஜூலை 14, ஞாயிறு

கோயிலுக்குப் போய் வந்து, விளைமீன் குழம்பு சாப்பிட்டு, ஹெப்சி என் கட்டுரையின் முதல் வரைவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடற்புல் பற்றிய பத்தி நன்றாக இருக்கிறது என்றாள். பிறகு அட்டவணைக்கு வந்தாள். அவளுக்கு எந்த அட்டவணையைப் பார்த்தாலும் பென்சிலால் கூட்டிப் பார்க்கிற பழக்கம். மளிகைச் சீட்டைக்கூட விட மாட்டாள்.

"கீழ 412-ன்னு போட்டிருக்கீங்க. கூட்டுனா 405தான வருது."

தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்றேன்.

"எண்ணுறதுல நீங்க தப்பு விடமாட்டீங்களே. அந்த ஏழும் எங்க போச்சு?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பாத்திரங்களை நானே கழுவினேன்.

ஜூலை 15, திங்கள்

நூலகத்தில் மின்தடை. பட்டியலை எடுக்க முடியவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

மின்சாரம் இருந்தது. அச்சு எந்திரத்தில் மை இல்லை.

ஜூலை 17, புதன்

ஏழு கட்டுரைகளையும் ஹெப்சியிடம் கொடுத்தேன். கேட்டதும் கொடுத்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஜூலை 18, வியாழன்

காலையிலேயே எல்லாவற்றையும் படித்து முடித்திருந்தாள். ஏழிலும் விஷயம் ஒன்றுதான். அவளுடைய எல்லைக்கு உள்ளேதான் அம்மோனியா இருந்தது, ஆனாலும் குஞ்சுகள் செத்தன. எழுதியவர்கள் காரணம் தெரியாமல் ஆளுக்கொரு ஊகம் சொல்லியிருந்தார்கள். ஒருவர் மிகவும் பணிவாக, "எங்கள் அளவீட்டில் பிழை இருக்கலாம்" என்றே எழுதியிருந்தார்.

அதையே நானும் சொன்னேன். பெரிய இதழ் எதிலும் வரவில்லை, சோதனையைச் சரியாகச் செய்யாதவர்களாக இருப்பார்கள் என்றேன்.

"செத்த குஞ்சு எந்த இதழ்ல வந்தா என்னங்க" என்றாள்.

தோசை ஆறிக்கொண்டிருந்தது. ஏழையும் நான் முன்பே படித்தேனா என்று கேட்டாள். மேலோட்டமாகப் பார்த்தேன் என்றேன். ஏழையும் பைக்குள் வைத்துக்கொண்டாள். பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம்.

ஜூலை 27, சனி

பழைய சோதனையைத் திரும்பச் செய்யப்போகிறாள். யாரிடமும் சொல்லவில்லை, தொட்டி கேட்டு எழுதிய தாளில் "சரிபார்ப்பு" என்று மட்டும் போட்டிருக்கிறாள். காலையில் நேரத்தோடு போய்விடுகிறாள். மதியச் சாப்பாட்டை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீலத் தொட்டிகள் வரிசையாக, ஒவ்வொன்றிலும் காற்றுக் குழாய் குமிழி விட்டுக்கொண்டிருக்கிறது. குஞ்சுகள் விரல் நகத்தின் நீளம்கூட இல்லை. அவற்றை வலைக்கரண்டியால் மாற்றும்போது அவள் மூச்சை அடக்கிக்கொள்வதைப் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அவள் வேலை செய்து நான் பார்த்ததே இல்லை. அவளைப் பற்றிய எண்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

செத்துவிட்டன. அவள் தாங்கும் என்று எழுதிய அளவில் முக்கால்வாசிக் குஞ்சுகள் செத்து மிதந்தன.

ஒரு தடவை செய்து பார்த்ததை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்றாள். நானும் அதையே நினைத்தேன், வேறு காரணத்துக்காக.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவையும்.

ஆகஸ்ட் 24, சனி

காரணம் தெரிந்துவிட்டது. மதியம் என்னையும் கூட்டிக்கொண்டு கடற்கரையில் இருக்கும் பழைய கொட்டகைக்குப் போனாள். 2009-இல் அங்கேதான் சோதனை செய்தாள். இப்போது வலைகளும் உடைந்த நாற்காலிகளும் கிடக்கின்றன. கடலோர ஆழ்துளைக் கிணறு மட்டும் இன்னும் வேலை செய்கிறது.

குழாயைத் திறந்து, வந்த தண்ணீரில் அப்போதே மீட்டரை வைத்தாள். காரத்தன்மை, அதாவது pH, 7.6. அதே தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, எங்கள் கட்டிடத்தின் மாடி ஆய்வகத்தில் மூடாமல் வைத்தாள். சாயங்காலம் அளந்தபோது 8.2.

எனக்குப் புரியும்படி சொன்னாள். நிலத்தடியிலிருந்து வரும் தண்ணீரில் சோடாவில் இருப்பது போல வாயு கரைந்திருக்கும். அது இருக்கும்வரை காரத்தன்மை குறைவு. திறந்து வைத்தால் வாயு போய்விடும், காரம் ஏறிவிடும். கொட்டகைத் தொட்டிகளில் கிணற்றுத் தண்ணீர் புதிதாக ஓடிக்கொண்டே இருந்தது, அங்கே அப்போது மீட்டர் கிடையாது. காலையில் எடுத்த சாம்பிளை மாடிக்குக் கொண்டுபோய்ச் சாயங்காலம்தான் அளந்தார்கள். குஞ்சுகள் இருந்தது ஒரு தண்ணீரில், தாளில் எழுதியது வேறொரு தண்ணீரை. காரம் குறைந்த தண்ணீரில் அம்மோனியா அவ்வளவாகக் கடிக்காது, அதனால் குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன. காரம் கூடிய பண்ணைக் குளத்தில் அதே அளவு கொன்றுவிடும். உண்மையான எல்லை அவள் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது.

அப்போது அளந்தது யார், மாடிக்குக் கொண்டுபோகச் சொன்னது யார் என்று நான் கேட்டேன். கோமதிநாயகம் சார் வகுத்த முறை அது என்று எனக்குத் தெரியும்.

"மொத பேரு என்னுதுதான" என்றாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

காலையில் சாரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் காட்டினாள். கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும், புது அளவை அதே இதழில் வெளியிட வேண்டும் என்று கேட்டாள். சார் கோபப்படவில்லையாம். கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தாராம். பிறகு, அடுத்த ஜூலை வரை பொறுக்கலாமே என்றாராம்.

ஆகஸ்ட் 28, புதன்

சார் நூலகத்துக்கு வந்தார். பழைய இதழ் ஒன்றைத் தேடுவது போல என் மேஜைப் பக்கம் நின்றார். பிப்ரவரியில் ஒரு சர்வதேச மேற்கோள் பட்டியலில் இதழைச் சேர்ப்பதா வேண்டாமா என்று பரிசீலிக்கப்போகிறார்கள். இந்த நேரத்தில் இப்படி ஒன்று வந்தால், மேற்கோளை வைத்து இதழுக்குப் போடுகிற மதிப்பெண்ணான இம்பாக்ட் ஃபேக்டர் படுத்துவிடும் என்று இயக்குநர் பயப்படுகிறாராம்.

இம்பாக்ட் ஃபேக்டர் கடைசி இரண்டு வருடக் கட்டுரைகளை மட்டும் பார்ப்பது, பதினைந்து வருடத்துக்கு முந்தைய கட்டுரைக்கும் அதற்கும் கணக்குப்படி சம்பந்தமில்லை என்று சொன்னேன். "அது ஒங்களுக்கும் எனக்கும் தெரியும். வெளிய ஆளுங்க அந்தக் கட்டுரைய வச்சுத்தான நம்ம இதழையே தெரிஞ்சு வச்சிருக்காங்க" என்றார். அது என் அட்டவணையிலேயே இருக்கிறது.

தலைமை ஆசிரியர் உத்தரவு இயக்குநர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருப்பதையும் சொன்னார். நான் பேசினால் ஹெப்சி கேட்பாள் என்றார். பார்க்கிறேன் சார் என்றேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மாடியில் துணி காயப்போடும்போது பேச்சோடு பேச்சாக ஆரம்பித்தேன். பத்து மாதம்தானே, விழா முடியட்டும், உனக்கும் பொறுப்பு வந்துவிடும், அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு இதைவிட நன்றாகச் செய்யலாமே என்றேன். நியாயமாகத்தான் பேசினேன்.

அவள் போர்வையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "மழை முடிஞ்சு ஜனவரி பிப்ரவரில பண்ணைக்காரங்க குஞ்சு விடுவாங்க. அவங்க சொவத்துல என் நம்பர்தான் இருக்கு. ஜூலைன்னா அதுக்குள்ள ஒரு பருவம் முழுக்க செத்துருமே" என்றாள். குரல் உயரவில்லை. போர்வையை உதறிக் கொடியில் போட்டோம்.

பிறகு, "சார் ஒங்ககிட்ட வந்து பேசுனாரா?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன்.

செப்டம்பர் 2, திங்கள்

தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சார் வந்து பேசினார் என்று இன்று சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றாள்.

செப்டம்பர் 14, சனி

திரும்பப் பெறும் குறிப்பை எழுதி முடித்துவிட்டாள். ஒரே பக்கம். என்ன செய்தோம், எங்கே தவறினோம், இனி எந்த அளவு என்று மூன்று பத்தி. நான் இந்த வேலையில் எத்தனையோ திருத்தக் குறிப்புகளைப் படித்திருக்கிறேன். "தவிர்க்க இயலாத காரணங்களால்" என்று தொடங்கி யாரும் எதுவும் செய்யாதது போல முடிந்துவிடும். இவள், "நான் தவறாக அளந்தேன்" என்று தொடங்கியிருக்கிறாள்.

சாரின் சம்மதத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறாள். அவர் கையெழுத்துப் போடாவிட்டால் தன் பெயரில் மட்டும் ஒரு கடிதமாக அனுப்புவாளாம்.

நிலையத்தில் விஷயம் பரவிவிட்டது. கேன்டீனில் நாங்கள் உட்கார்ந்தால் பக்கத்து மேஜையில் பேச்சு குறைகிறது. நல்லவர் ஒருவர் என்னிடம் வந்து, எல்லோரும் இப்படி ஆரம்பித்தால் நம் எல்லோருடைய கட்டுரைகளும் என்ன ஆகும் என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

குறிப்பின் கடைசியில் ஒரு நன்றி வரி இருந்தது. முரண்பட்ட ஏழு ஆய்வுகளைக் கண்டறிந்தவர் நூலகர் வேதமுத்து என்று. இதெல்லாம் எதற்கு, எடுத்துவிடு என்றேன்.

"நீங்கதான மொதல்ல கண்டுபிடிச்சீங்க?"

ஆமாம் என்றேன். மோட்டார் போடப் போனேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

மதியம் அழைப்பு மணி அடித்தது. கோமதிநாயகம் சார். சட்டையெல்லாம் வியர்வை, முழங்கால் வரை மணல். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

காலையிலேயே அவர் தனியாகப் பழைய கொட்டகைக்குப் போயிருக்கிறார். கிணற்றுக் குழாயைத் திறந்து தானே அளந்திருக்கிறார், ஒரு பாட்டிலில் பிடித்து வைத்து, வெயிலில் உட்கார்ந்திருந்து, மறுபடி அளந்திருக்கிறார். அறுபது வயதில் தன் மாணவியின் கணக்கைச் சரிபார்க்கத் தன் கையாலேயே தண்ணீர் பிடித்த மனிதரை நான் அலுவலக நாற்காலியில் வைத்தே இத்தனை வருடம் பார்த்திருக்கிறேன்.

சாப்பிடச் சொன்னோம். சாப்பிட்டார். கை கழுவி வந்து குறிப்பைக் கேட்டார். படித்துவிட்டுப் பேனாவைத் திறந்தவர் நிறுத்தினார்.

"மாடிக்குக் கொண்டுபோய் அளக்கச் சொன்னது நான். அதையும் எழுதும்மா."

ஹெப்சி மறுத்தாள். சொன்னதை யோசிக்காமல் செய்தது தான்தான், கொட்டகையிலேயே ஒரு தடவை அளந்து பார்த்திருக்க வேண்டும் என்றாள். அவர் விடவில்லை. முறையை வகுத்தவன் பெயரில்லாமல் பிழையை எப்படி எழுதுவாய் என்றார். தவறு யாருடையது என்று இருவரும் வெகுநேரம் வாதாடினார்கள், ஒவ்வொருவரும் தன்னுடையது என்று. நான் இருவருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தேன். என் வீட்டுக்குள் இப்படி ஒரு பேச்சு நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்றுதான் இன்று இவ்வளவு எழுதுகிறேன்.

கடைசியில் "நாங்கள் தவறாக அளந்தோம்" என்று மாற்றினார்கள். சார் கையெழுத்துப் போட்டார். இயக்குநரிடம் தானே பேசிக்கொள்வதாகச் சொன்னார். வாசல் வரை போனேன். ஸ்கூட்டரை எடுக்கும்போது, நூலகத்துக்கு வந்து என்னிடம் பேசியதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்றேன்.

அக்டோபர் 17, வியாழன்

குறிப்பும் புதிய கட்டுரையும் இணையத்தில் வந்துவிட்டன.

நவம்பர் 6, புதன்

மழை. ஊரே தண்ணீர். எங்கள் தெருவில் முழங்கால் அளவு.

மேற்கோள் காட்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் ஹெப்சி தனித்தனியாக மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருக்கிறாள். எல்லோருக்கும் ஒரே கடிதத்தை அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள் என்கிறாள். ஒவ்வொருவரும் அவள் எண்ணை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்று பார்த்து, உங்கள் ஆய்வில் இந்த இடம் பாதிக்கப்படும், இந்த இடம் பாதிக்கப்படாது என்று எழுதுகிறாள். முகவரி தேடிக் கொடுப்பது என் வேலை. நான் பிரித்து வைத்த வரிசைகள் இதற்கு உதவுகின்றன. சிலர் வேலை மாறிவிட்டார்கள், சிலர் இறந்துவிட்டார்கள்.

பதில்கள் கொஞ்சம்தான் வருகின்றன. ஒருவர் மரியாதையில்லாமல் எழுதினார். அதையும் படித்துவிட்டு நன்றி என்று பதில் போட்டாள். வியட்நாமிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தார். பொரிப்பகச் சுவரில் இருந்த அட்டவணையை அன்றே கழற்றிவிட்டார்களாம், வெற்றுச் சுவரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தார். ஹெப்சி அந்தப் படத்தை எனக்குக் காட்டினாள். இதுவரை விருது வாங்கிய படம் ஒன்றையும் அவள் இப்படிக் காட்டியதில்லை.

நவம்பர் 23, சனி

என் கட்டுரையைத் திரும்ப எழுதிவிட்டேன். அட்டவணையில் நான்காவதாக ஒரு வரிசை: முரண்பட்டவை, 7. கூட்டினால் 412 வருகிறது. அந்த ஏழைப் பற்றிய பகுதி மற்ற எல்லாவற்றையும்விட நீளமாகிவிட்டது. பக்கம் கூடிவிட்டதே என்று சாரிடம் சொன்னேன். கூடட்டும் என்றார்.

திரும்பப் பெற்ற பிறகும் இரண்டு புதுக் கட்டுரைகள் பழைய எண்ணையே மேற்கோள் காட்டியிருக்கின்றன. அவர்களுக்கும் எழுதிவிட்டாள்.

டிசம்பர் 20, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. புதிய தலைமை ஆசிரியர் சென்னையிலிருந்து வருகிறார். பிளாஸ்டிக் துகள் ஆய்வில் பெரிய பெயர். ஹெப்சி அவருக்குப் போன் செய்து வாழ்த்துச் சொன்னாள். மதியம் தொட்டிகளைக் கழுவினாள். வீட்டுக்கு வந்து எனக்குப் பிடித்த அவியல் செய்தாள்.

அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கழுத்துவலி என்று சீக்கிரம் படுத்துவிட்டாள். தைலம் தேய்த்துவிட்டேன். தலையணை ஒரு பக்கம் ஈரமாக இருந்தது. தைலத்தின் காரம் கண்ணில் பட்டிருக்கும்.

ஜனவரி 10, வெள்ளி

விழா. புதுச் சட்டை. பொன்னாடைகள், குத்துவிளக்கு, பேச்சுகள். என்னைக் கூப்பிட்டபோது மூன்றரை மணி. அரங்கத்தில் பாதிப் பேர் டீக்குப் போயிருந்தார்கள்.

இறாலும் நோயும் பிளாஸ்டிக்கும் ஏறி இறங்கிய படங்களைக் காட்டினேன். கடற்புல்லைப் பற்றிச் சொன்னபோது ஓர் ஆராய்ச்சி மாணவி எதையோ குறித்துக்கொண்டாள். அது சந்தோஷமாக இருந்தது. முடிவில் ஒரு இளைஞர் எழுந்து, இப்போது இதழில் அதிக மேற்கோள் பெற்ற கட்டுரை எது என்று கேட்டார். திரும்பப் பெற்ற கட்டுரைதான், இன்னும் பல வருடத்துக்கு அதுதான் என்றேன். அரங்கத்தில் சிலர் நெளிந்தார்கள். ஹெப்சி நான்காவது வரிசையில் நேராக உட்கார்ந்திருந்தாள்.

அந்த ஏழு கட்டுரைகளைக் கண்டுபிடித்தது யார் என்று அடுத்த கேள்வி. நான் வாயைத் திறப்பதற்குள், முன்வரிசையில் இருந்த கோமதிநாயகம் சார் திரும்பி, "அவருதான்" என்றார். கை தட்டினார்கள். ஹெப்சியும் தட்டினாள்.

உட்கார்ந்துவிட்டேன்.

பிப்ரவரி 1, சனி

ஆத்தூர்ப் பக்கம் பண்ணைக்காரர்கள் கூட்டம் ஒன்று கூட்டியிருந்தார்கள். இதழை அவர்கள் யாரும் படிப்பதில்லை. ஆகவே நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்று ஹெப்சி ஏற்பாடு செய்திருந்தாள். எனக்கு விடுமுறை. கூடப் போனேன். இப்போதெல்லாம் போகிறேன்.

தென்னங்கீற்றுக் கொட்டகை. இருபது முப்பது பேர். டீ கொடுத்தார்கள். ஹெப்சி சுற்றி வளைக்கவில்லை. உங்கள் பொரிப்பகங்களில் ஒட்டியிருக்கும் அம்மோனியா அளவு நான் சொன்னது, அது தவறு, கிழித்துவிடுங்கள் என்று ஆரம்பித்தாள். புது அளவைச் சொன்னாள். எப்படித் தவறினோம் என்பதை, எனக்குச் சொன்னது போலவே சோடாவை வைத்துச் சொன்னாள்.

பின்னால் சாக்கின் மேல் உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்தார். பெயர் இசக்கிராஜா, நாற்பது வயது இருக்கும். கூட்டம் நடந்த அந்தக் கொட்டகையே அவருடைய பண்ணையில்தான் இருந்தது.

"மேடம், போன வருசம் நான் விட்ட குஞ்சு மொத்தமும் செத்துது. அது ஒங்க நம்பராலயா?"

டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், தண்ணீரைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்று ஒரு பதில் இருக்கிறது. அது பொய்யும் அல்ல. அவள் அதைச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லட்டும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே எழுதலாம்.

அவள் அவரிடம் போன வருடத் தண்ணீரின் காரத்தையும் அம்மோனியாவையும் கேட்டாள். அவர் செல்போனைத் திறந்து பார்த்துச் சொன்னார். ஒரு கணம் யோசித்தாள்.

"ஆமா. என் நம்பராலதான்."

இசக்கிராஜா குளத்தின் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குப் புரிந்திருக்கும்.

"ரெண்டு ஆபீசர் வந்து பாத்தாங்க மேடம். நான் பராமரிக்கல, அதான் செத்துதுன்னு எழுதிட்டுப் போனாங்க. வீட்டுலயும் அதத்தான் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சிட்டிருந்தேன்" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருடைய மனைவி டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

ஹெப்சி அவர்கள் பக்கம் போனாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்த அம்மாள் ஹெப்சியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது.

கொஞ்ச நேரம் கழித்து இசக்கிராஜா வந்து, அடுத்த வாரம் குஞ்சு விடலாம் என்றிருக்கிறேன், இந்தத் தண்ணீரில் விடலாமா என்று அவளிடமே கேட்டார். இத்தனைக்கும் பிறகு அவளிடமே.

"மொதல்ல தண்ணியப் பாப்போம்" என்றாள்.

செருப்பைக் கழற்றினாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மீட்டரோடு குளத்துக்குள் இறங்கினாள். பண்ணைக்காரர்கள் எல்லோரும் கரையில் வந்து நின்றார்கள். என் கையில் அட்டையும் பேனாவும் கொடுத்திருந்தாள். தண்ணீர் அவள் முழங்காலுக்கு மேல் வந்ததும் நின்று, குனிந்து மீட்டரை வைத்து, எண் ஓரிடத்தில் நிற்கும்வரை காத்திருந்தாள்.

"எட்டு புள்ளி நாலு" என்று கூப்பிட்டுச் சொன்னாள். "எழுதிட்டீங்களா?"

எழுதிவிட்டேன் என்றேன்.

"என்ன எழுதியிருக்கீங்கன்னு படிங்க."

எட்டு புள்ளி நான்கு என்று உரக்கப் படித்தேன். சரி என்று தலையாட்டிவிட்டு, குளத்தின் அடுத்த மூலையை நோக்கி நடந்தாள். நான் கரையோரமாகவே அவள் கூட நடந்தேன்.